ஓங்கில் நினைவில் நின்றது, ஆமை நிற்கவில்லை

பாம்பன் தெற்குவாடியில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், முந்தின வாரம் கொடுத்த துண்டுப் பிரசுரம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு தம்பி. ஓங்கில் போட்டிருந்துச்சே, அதானே? நீலக் கலர்ல நல்லாப் பளிச்சுன்னு இருந்துச்சு. பேத்தி வெட்டிச் செவுத்துல ஒட்டி வச்சிருக்கா." ஓங்கில் என்றால் டால்பின்.

"உள்ள என்ன எழுதியிருந்துச்சு ஐயா?"

வலையை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "கடலச் சுத்தமா வச்சுக்கணும்னு..." என்று இழுத்தார்.

அந்தப் பிரசுரத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. வலையில் சிக்கி மயங்கிப்போன ஆமையை என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அதில் இருந்தது. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய உயிர். வலைக்குள் நெடுநேரம் மாட்டிக்கொண்டால் மயங்கிவிடும். செத்துவிட்டது என்று தூக்கி எறியப்படுகிற ஆமைகளில் சில உயிரோடுதான் இருக்கும். மயக்கத்தோடு தண்ணீரில் போட்டால் மூழ்கிச் சாகும். அதனால் நான்கு விஷயங்களை எழுதியிருந்தோம். மல்லாக்கப் போடக் கூடாது. பின்பக்கம் அரை அடி உயரும்படி எதன் மேலாவது வைத்தால் உள்ளே போன தண்ணீர் வடியும். நிழலில் வைத்து, மேலே ஈரச் சாக்கு போட வேண்டும். தெளிய 24 மணி நேரம்கூட ஆகலாம், அதுவரை பொறுக்க வேண்டும். அவ்வளவுதான்.

வெளியிட்டது ஒரு தொண்டு அமைப்பு, வாசகம் எழுதியது நான். முன்பக்கம் முழுக்க ஓங்கிலும் பவளப்பாறையும் போடலாம் என்று அவர்கள் சொன்னபோது நானும் நல்லது என்றுதான் சொன்னேன். படம் இருந்தால் ஜனங்கள் கையில் வாங்குவார்கள், வாங்கினால் படிப்பார்கள், படித்தால் மறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அன்று மாலைக்குள் பத்துப் பன்னிரண்டு பேரிடம் கேட்டுவிட்டேன். ஓங்கில் எல்லோருக்கும் நினைவிருந்தது. ஆமையின் பின்பக்கத்தை உயர்த்த வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. படம் நினைவைக் கூட்டும் என்பது பொய்யா என்ற கேள்வி அன்றைக்கு எனக்குள் புகுந்தது. அதன்பின் இதைப் பற்றிக் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் படித்தேன்.

பொய் இல்லை. படத்தை மனிதன் நினைவில் வைத்துக்கொள்ளும் திறன் வியக்க வைப்பது. அமெரிக்க உளவியலாளர் ராஜர் ஷெப்பர்ட் 1967-இல் வெளியிட்ட சோதனையில் 612 படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். பிறகு, பார்த்த படம் ஒன்றையும் பார்க்காத படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, எது பார்த்தது என்று கேட்டார். நூற்றுக்குச் சுமார் 97 முறை சரியாகச் சொன்னார்கள். சொற்களை வைத்துக் கேட்டபோது அது 90-ஐ ஒட்டித்தான் இருந்தது. கனடாவின் லயனல் ஸ்டாண்டிங் இன்னும் ஒரு படி மேலே போய், 1973-இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து நாட்களில் 10,000 படங்களைக் காட்டினார். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோதும் நூற்றுக்கு 83 அளவுக்குச் சரியாக அடையாளம் காட்டினார்கள்.

ஆனால் இந்தச் சோதனைகள் கேட்டது "இந்தப் படத்தைப் பார்த்தாயா" என்று மட்டும்தான். பாம்பன் பெரியவரும் அந்தக் கேள்வியில் முழு மதிப்பெண் வாங்கிவிட்டார். படத்தோடு சேர்ந்து படித்த எழுத்து நிற்கிறதா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பாடநூல், பத்திரிகை, பிரசுரம் எல்லாவற்றிலும் படத்தை அள்ளிப் போடுகிறோம்.

படம் ஏன் நிற்கிறது என்பதற்கு இன்றும் அதிகமாகச் சொல்லப்படும் விளக்கம் கனடாவின் ஆலன் பைவியோ 1971-இல் விரிவாக எழுதியது. மனத்தில் சொல்லுக்கு ஒரு தடம், உருவத்துக்கு ஒரு தடம் என்று இரண்டு உண்டு என்றார் அவர். ஒரு செய்தி இரண்டு தடத்திலும் பதிந்தால், ஒன்று அழிந்தாலும் மற்றொன்றைப் பிடித்து எடுத்துவிடலாம். சொல்லாக மட்டும் பதிந்தது அழிந்தால் அதோடு போயிற்று.

மண்டபத்திலிருந்து கீழக்கரை வரைக்கும் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களோடு ஒரு நாள் இருந்தால் இது சட்டென்று புரிந்துவிடும். டர்பினேரியா என்று அறிவியல் பெயர் சூட்டிய பாசிக்கு அவர்கள் வைத்த பெயர் பக்கோடாப் பாசி. பார்த்தால் பக்கோடாவேதான். ஜெலிடியெல்லா என்பது அவர்களுக்கு மரிக்கொழுந்துப் பாசி. அந்த இலைக்கொத்தைத் தலையில் வைத்துப் பழகியவர்களுக்கு, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து பார்க்கும்போது கண்ணுக்குப் படுவது அதுதான். சார்கசம் கட்டக்கோரை. தாளில் அச்சிட்ட படம் எதுவும் இல்லாமலே, பெயருக்குள்ளேயே படத்தை வைத்துவிட்டார்கள். புதிதாகத் தொழிலுக்கு வரும் பெண் ஒருமுறை கேட்டால் போதும், மறக்க மாட்டாள். லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்ய நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சரி, எழுத்தோடு சேர்ந்த படத்துக்கு வருவோம். ஹோவர்ட் லெவி, ரிச்சர்ட் லென்ட்ஸ் என்ற இரண்டு பேர் 1982-இல் ஒரு பெரிய வேலை செய்தார்கள். படம் உள்ள பாடம், படம் இல்லாத பாடம் இரண்டையும் ஒப்பிட்ட 55 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எழுத்தில் உள்ள ஒரு செய்தியைப் படமும் காட்டினால், அந்தச் செய்தியைப் படித்தவர்கள் சராசரியாக 36 சதவீதம் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். சாதாரண லாபமில்லை இது. அதே பாடத்தில், படம் காட்டாத செய்திகளுக்கோ அந்தப் படங்களால் ஏறக்குறைய ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு பக்கத்தில் படம் இருப்பதால் அந்தப் பக்கம் முழுக்க நினைவில் நின்றுவிடாது. படம் தான் சொன்னதை மட்டும்தான் தூக்கி நிறுத்துகிறது.

இதைப் படித்த பிறகு பிரசுரத்தை மாற்றினோம். ஓங்கில் போனது, வண்ணமும் போனது. கறுப்புக் கோட்டில் ஒரே படம்: சுருட்டி வைத்த வலையின் மேல் பின்பக்கம் ஏறியிருக்க, தலை தாழ்ந்து கிடக்கும் ஒரு பேராமை. முதுகில் சாக்கு. "பின்பக்கம் அரை அடி உயரம்" என்ற வரி பின்பக்கத்தின் பக்கத்திலேயே, "ஈரச் சாக்கு" என்பது சாக்கின் மேலேயே. மல்லாக்கக் கூடாது, 24 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்ற இரண்டும் கீழே வரிகளாக. இந்த முறையும் ஒரு வாரம் விட்டுப் போய்க் கேட்டேன். பின்பக்கத்தை உயர்த்த வேண்டும் என்பதைக் கையைச் சாய்த்துக் காட்டியே சொன்னார்கள். சாக்கும் வந்தது. மல்லாக்கக் கூடாது என்பதைச் சிலர் சொன்னார்கள், படத்தில் ஆமை குப்புறத்தான் கிடந்தது. 24 மணி நேரத்தை யாரும் சொல்லவில்லை. "கொஞ்ச நேரம் வச்சிருந்து விட்ரணும்" என்றார் ஒருவர். கொஞ்ச நேரத்தில் விட்டால் அந்த ஆமை செத்துப்போகும்.

ஆய்வென்று சொல்ல இது எதுவுமில்லை. ஒரு கரையில் சில பேரிடம் கேட்டது. ஆனால் 1982-இல் எழுதியதை என் கண்ணால் பார்த்தது போல இருந்தது.

படம் எப்போது கண்ணில் படுகிறது என்பதும் முக்கியம். ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் 1972-இல் வெளியிட்ட சோதனையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. பலூன், மின்கம்பி, சத்தம், மாடி என்றெல்லாம் வரும் ஒரு சிறு பத்தியை வாசித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு வாக்கியமும் எளிமையானதுதான். ஆனால் மொத்தத்தில் எதைப் பற்றிப் பேசுகிறது என்று ஒன்றுமே விளங்காது. அதற்கு ஒரு படமும் இருந்தது. உயரமான கட்டடத்தின் மேல்தளத்து சன்னலில் ஒரு பெண், கீழே கிட்டார் வாசிக்கும் இளைஞன், பலூன்களில் கட்டி சன்னல்வரை மிதக்கவிட்ட ஒலிபெருக்கி. பத்தியில் 14 கருத்துகள். படமே பார்க்காதவர்களுக்கு அதில் நாலுகூடத் தேறவில்லை. படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டவர்கள் எட்டைச் சொன்னார்கள். கேட்டு முடித்த பிறகு படத்தைப் பார்த்தவர்கள்? பார்க்காதவர்கள் நிலைதான். இன்னொரு கூட்டத்துக்கு அதே பொருள்களையெல்லாம் இடம் மாற்றிப் போட்ட படத்தை முதலிலேயே காட்டினார்கள். அவர்களும் நாலைத் தாண்டவில்லை. பொருள்கள் படத்தில் இருந்தால் மட்டும் போதாது, எது எதோடு எப்படி இணைந்திருக்கிறது என்பதைப் படம் காட்ட வேண்டும்.

எங்கள் ஊர்ப் பாலங்களை வைத்து இதை நீங்களே சோதிக்கலாம். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில், கப்பல் வந்தபோதெல்லாம் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்தது. ஆட்கள் நின்று கையால் நெம்பிச் சுற்ற, இரு பாதிகளும் பின்னோக்கி உருண்டபடி வானத்தைப் பார்த்து எழும்பின. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, பிரியாமல், படுத்தவாக்கிலேயே இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 17 மீட்டர் மேலே போகும். பாலத்தைப் பார்த்தவருக்கு இந்த வரிகள் ஒரு வாசிப்பில் பதியும். பார்க்காதவருக்கு இரண்டு கோட்டுப் படம், அதுவும் பத்திக்கு மேலே, வேண்டும். ஆண்டும் தேதியும் அந்தப் படத்தால் நினைவில் நிற்காது. இடமும் அசைவும் நிற்கும். படத்தால் அதிகம் பயன் பெறுவது இந்த மாதிரியான, எது எங்கே இருக்கிறது, எது எதைத் தள்ளுகிறது என்ற விஷயங்கள்தான்.

இனி அழகுக்குப் போடும் படம். இதில் எனக்குக் கோபமே உண்டு. கலிஃபோர்னியாவின் ரிச்சர்ட் மேயரும் ஷானன் ஹார்ப்பும் 1990-களின் கடைசியில் மின்னல் எப்படி உண்டாகிறது என்ற பாடத்தை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்குப் பாடம் மட்டும். இன்னொன்றுக்கு அதே பாடத்தோடு சுவையான துணுக்குகளும் படங்களும் சேர்த்து: மின்னல் தாக்கிய விளையாட்டு வீரரின் ஓட்டை விழுந்த தலைக்கவசம், அந்த மாதிரி. சுவை சேர்த்த பாடத்தைப் படித்தவர்கள் மின்னல் உண்டாகும் விதத்தைக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். வெறுமனே கவனம் சிதறியது என்பதோடு அது நிற்கவில்லை, பாடம் எதைப் பற்றியது என்ற எண்ணமே திசை மாறிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. அந்த ஓங்கில் செய்ததும் இதைத்தான். அட்டையைப் பார்த்தவுடன் "கடல் அழகு, கடலைக் காப்போம்" என்ற பழகிய கதைக்குள் மனம் போய்விட்டது. உள்ளே எழுதியிருந்த ஆமைக்கு அந்தக் கதையில் இடமில்லை. அதனால்தான் பெரியவர் எழுதாத வரியைச் சொன்னார்.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு இது இன்னும் பாரம். 2020-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கதைப் புத்தகம் படிக்கும்போது அவர்கள் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். கதைக்குத் தேவையில்லாத படங்களை நீக்கிய பக்கங்களில் கண் எழுத்தை விட்டு ஓடுவது குறைந்தது, கதையும் நன்றாகப் புரிந்தது. தேவையான படங்களை அவர்கள் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மூர்ப் பாடநூல்கள் 2018-க்குப் பிறகு நல்ல தாளில் வண்ணத்தோடு வருகின்றன, பிள்ளைகள் ஆசையாகத் தொட்டுப் பார்க்கிறார்கள், அது எனக்கு மகிழ்ச்சிதான். அந்த வண்ணத்தில் எவ்வளவு பாடத்தைச் சுமக்கிறது என்று ஆசிரியர்கள் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

படம் மறக்க வைப்பதோடு போனால்கூடப் பரவாயில்லை. நம்பவும் வைக்கிறது. எரின் நியூமன், மேரியன் கேரி முதலானோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மக்கடாமியாக் கொட்டையும் பீச் பழமும் ஒரே குடும்பம் என்பது போன்ற தெரியாத செய்திகளைக் கொடுத்து, உண்மையா பொய்யா என்று உடனே சொல்லச் சொன்னார்கள். பக்கத்தில் மக்கடாமியாக் கொட்டையின் படம் சும்மா இருந்தால், உண்மை என்று சொல்வது கூடியது. அந்தப் படம் எதையும் நிரூபிக்கவில்லை. கொட்டை எப்படி இருக்கும் என்று மட்டும்தான் காட்டியது.

அதே கேரி 2007-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இந்தக் கரையில் இருக்கிற எவரையும் நிறுத்தி யோசிக்க வைக்கும். மெக்சிகோவின் ஒரு கடலோர ஊரைச் சூறாவளி தாக்கியது பற்றிய பத்திரிகைச் செய்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்குப் புயலுக்கு முந்தைய ஊரின் படம், சிலருக்குப் புயலுக்குப் பிந்தைய சிதைவின் படம். செய்தியில் உயிர்ச்சேதமோ படுகாயமோ எதுவும் இல்லை. பிறகு கேட்டபோது, சிதைவைப் பார்த்தவர்களில் கூடுதலானவர்கள், ஆட்கள் அடிபட்டதையும் அதில் படித்ததாகச் சொன்னார்கள். இடிந்த சுவரைப் பார்த்த மனம், எழுதாததைத் தானே எழுதிக்கொண்டது.

தனுஷ்கோடியைப் பற்றி எது வந்தாலும் கூடவே வரும் படம் உங்களுக்குத் தெரியும். கூரையில்லாத தேவாலயம், பவளக்கல் சுவர், பின்னால் வானம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி, பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பயணிகள் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு அலை கொண்டுபோனது. அந்த நொடியைப் படம் பிடித்தவர் யாரும் இல்லை. அதனால் நினைவு தேவாலயத்தைப் பிடித்துக்கொள்கிறது. சுற்றுலா வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். தேவாலயத்தைச் சொல்வார்கள். அங்கே ரயில் நிலையம் இருந்தது, தலைமன்னாருக்குக் கப்பல் போனது, சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்கள் இறங்கிக் கப்பலேறிப் போனார்கள் என்பதெல்லாம் அவர்கள் படித்த அதே கட்டுரையில் இருந்திருக்கும். படம் காட்டாதது நழுவிவிட்டது. இப்போது வேறொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. பாலத்தின் மேல் ரயிலைப் பேரலை விழுங்குவது போலக் கணினியில் செய்த படங்கள் கைபேசிகளில் சுற்றுகின்றன. ரயில் பாலத்தில் போகவில்லை. தீவுக்குள்ளேயே இருக்கும் பாம்பன் நிலையத்திலிருந்து கிளம்பி, தனுஷ்கோடியை நெருங்கும்போது அது நடந்தது. இன்னும் இருபது வருடம் போனால், உறவினரை இழந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளே பாலத்தில் நடந்ததாகச் சொல்வார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

சொல்லையும் படத்தையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்பதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்களாகவே இருந்திருக்கிறார்கள். ராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசத்துக்குப் போனால் பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஓவியங்கள் சுவரெல்லாம் இருக்கும். இராமாயணக் காட்சிகள், சேதுபதிக்கும் தஞ்சை மராட்டியருக்கும் நடந்த போர். அந்தக் காட்சிகளின் கூடவே அவை இன்னவென்று தமிழில் எழுதியிருக்கிறது. படம் ஒரு பக்கம், விளக்கம் ஐந்து பக்கம் தள்ளி என்ற தொல்லை அங்கே இல்லை. சொல் படத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நினைவு கூடும் என்று மேயர் பல சோதனைகளில் காட்டியதை அந்தச் சுவர் முந்நூறு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறது. தமிழில் சித்திரத்தையும் 'எழுது' என்றுதானே சொல்லி வந்தோம். ஓலையில் எழுதினார்கள், சுவரில் ஓவியம் எழுதினார்கள், கண்ணுக்கு மை எழுதினார்கள்.

ராமேஸ்வரத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் நடந்ததை அப்துல் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்து, இறக்கை, வால், உடல் எல்லாம் காட்டி, அது எப்படிப் பறக்கிறது என்று விளக்கினார். முடித்துவிட்டுப் புரிந்ததா என்று கேட்டார். கலாம் புரியவில்லை என்றார், மற்ற பையன்களும் புரியவில்லை என்றார்கள். ஆசிரியர் கோபிக்கவில்லை. மாலையில் எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறக்கும் பறவைகளைக் காட்டினார். அப்புறம்தான் விளங்கியது. அசையும் ஒன்றை அசையாத படம் முழுதாகச் சொல்லிவிட முடியாது என்பதைத் தெரிந்த ஆசிரியர் அவர். கரும்பலகைப் படத்தை முதலில் பார்த்திராவிட்டால் கரையில் எதைக் கவனிப்பது என்று பையன்களுக்குத் தெரிந்திருக்குமா என்றும் நான் யோசிப்பதுண்டு.

கடைசியாகப் படித்த ஆய்வு ஒன்று பிரசுரத்தின் மூன்றாவது அச்சுக்குக் காரணமானது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி வேம்ஸும் உடன் இருந்தவர்களும் 2016-இல் வெளியிட்டது. ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவதைவிட, அதை ஒருமுறை படமாக வரைந்தவர்களுக்கு அது அதிகம் நினைவில் நின்றது. நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. அதனால் தங்கச்சிமடம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரசுரத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, படம் இருந்த இடத்தைக் காலிக் கட்டமாக விட்டுக் கொடுத்தோம். பார்க்காமல் வரையச் சொன்னோம்.

ஆமைகள் பலவிதமாக வந்தன. ஒன்றுக்கு ஆறு கால். பெரும்பாலானவற்றில் பின்பக்கம் உயர்ந்திருந்தது, வலைக்குப் பதிலாக டயர், பலகை, ஐஸ் பெட்டி என்று வீட்டு வள்ளத்தில் கிடப்பதைப் போட்டிருந்தார்கள். ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளை ஆமைக்கு மேலே ஒரு சூரியன், பக்கத்தில் ஒரு நிலா, அதற்கும் பக்கத்தில் இன்னொரு சூரியன் வரைந்திருந்தாள். எதற்கு இரண்டு சூரியன் என்று கேட்டேன். "மறுநா வரைக்கும் வைக்கணும்ல சார்" என்றாள்.

அடுத்த அச்சில் அந்த மூன்றையும் ஆமைக்கு மேலே போட்டோம்.